சொந்தக்காரர் வந்தால்?

என்னுடைய பணி ஓய்வு விருந்தில் ஒரு கேள்வி கேட்டார்கள். அதற்கு நான் சொல்லத் தொடங்கிய பதில் பாதியில் நிற்கிறது. மீதியை எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், யூனியன்வில்லில் ஒரு சின்ன மண்டபம். நான் வேலை செய்த பயண நிறுவனத்தின் புதிய வழிகாட்டிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். எல்லாம் இளசுகள். அவர்களில் ஒரு பெண் கேட்டாள்: "அன்ரி, நீங்கள் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போன இடங்களுக்குள்ள எது த பெஸ்ட்?" பாரிஸ் என்பேன், ரோம் என்பேன் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நான் "டென்மார்க்கில ஹிம்மர்லாந்து" என்றேன். அவள் உடனே கைபேசியில் தட்டிப் பார்த்தாள். "அன்ரி, சீரியஸா? இட்ஸ் ஜஸ்ட் ஃபார்ம்லேண்ட்! அதை நெக்ஸ்ட் இயர் பிளான்ல இருந்து எடுக்கப் போகினமாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வயல்வெளியாம்! நான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லத் தொடங்கினேன். அங்கே இருக்கும் பழைய கோட்டை வரைக்கும் வந்திருப்பேன், அதற்குள் சுடச்சுட ரோல்ஸ் வந்துவிட்டது. எங்கள் சனத்துக்கு முன்னால் ரோல்ஸையும் வரலாற்றையும் ஒன்றாக வைத்தால் எது வெல்லும் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினேன். பிறகு ஸ்காபுறோவில் ஒரு பயண நிறுவனத்தில் ரிக்கற் பதியும் மேசை கிடைத்தது. நாள் முழுக்க ஒரு காதில் தொலைபேசி; "பிள்ளை, இதைவிட மலிவா ஒண்டும் இல்லையோ?" என்ற ஒரே கேள்வி. ஒருநாள் ஐரோப்பாப் பயணத்துக்குப் புறப்பட வேண்டிய வழிகாட்டிக்கு அம்மை போட்டுவிட்டது. கூட்டம் பின்தொடர வழிகாட்டி தூக்கிப் பிடிக்கும் மஞ்சள் குடையை என் கையில் தந்து விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆம்ஸ்டர்டாமில் நடந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி நான் அந்த மேசைக்குத் திரும்பக் கூடாது என்று.

எங்கள் முதலாளி சிவசோதி அண்ணையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் சனத்தை அனுப்பிய அந்த மனுசனுக்கு விமானம் என்றால் பயம். கனடாவுக்கு வந்து இறங்கிய நாளுக்குப் பிறகு அவர் விமானத்தில் ஏறவே இல்லை. ஆனால் ஒரு பயணத் திட்டத்தை அவரைப் போலப் பார்ப்பவரை நான் கண்டதில்லை. வரைபடத்தை மேசையில் விரித்து, வலது சுட்டுவிரலைப் புறப்படும் ஊரில் வைப்பார். விரல் மெதுவாகப் போகும். ஒவ்வோர் இடத்திலும் நின்று இரண்டு கேள்வி கேட்கும். "மழை பெய்தால்?" "முழங்கால் நொந்தால்?" விரல்தான் கேட்பது போல இருக்கும், அவர் தலையை நிமிர்த்தவே மாட்டார். சரியான பதில் சொன்னால் விரல் அடுத்த ஊருக்கு நகரும். சொல்லாவிட்டால் அது அங்கேயே நிற்கும். அவர் கோபிக்க மாட்டார், குரலை உயர்த்தவும் மாட்டார். நாங்கள் வேர்த்து விறுவிறுத்துப் போவோம்.

நான் ஹிம்மர்லாந்தைக் கண்டது தற்செயலாக. டென்மார்க்கில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் வேலைக்குப் போன நேரங்களில் சும்மா இருக்க முடியாமல் அவளுடைய காரை எடுத்துக்கொண்டு வடக்கே போனேன். கடவுளே, என்ன இடம் அது! ரோல்ட் என்றொரு காடு. அதற்குள் பாம்புபோல முறுகி வளைந்து நிற்கும் மரங்கள். அவற்றுக்கு நடுவே அடிமணல் தெரியும் ஊற்றுகள். பக்கத்தில் ரெபில்ட் குன்றுகள், ஆவணி மாதத்தில் மலையெல்லாம் ஊதா நிறப் பூ. ஹோப்ரோ என்ற சிறிய பட்டினத்துக்கு வெளியே ஆயிரம் வருடத்துக்கு முந்திய கடலோடி வீரர்களின் கோட்டை. அதற்கும் ஆயிரக்கணக்கான வருடங்கள் முந்திய கல்லறைகள், பார்லி வயல்களுக்கு நடுவே புல் மூடிய மேடுகளாக. தவழ்ந்து உள்ளே போகலாம்! வாசலில் காவல் இல்லை, நுழைவுச் சீட்டு இல்லை. நான் தனியாகத் தவழ்ந்து போய், கல் அறைக்குள் எழுந்து நின்று, வாய்விட்டுச் சிரித்தேன். என்னுடைய ஆட்களை இங்கே கொண்டுவர வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

சிவசோதி அண்ணையின் விரல் ஹோப்ரோவில் வந்து நின்றது.

"இதில என்ன இருக்குப் பிள்ளை, பாக்க?"

"கல்லு, அண்ணை. மண்மேடு. காடு."

"ரொறன்ரோவில இருந்து கல்லுப் பாக்கவோ போறது?"

"நான் காட்டுற மாதிரிக் காட்டினா சனம் பாக்கும் அண்ணை."

விரல் வெகுநேரம் நின்றது. மழைக்குப் பதில் சொன்னேன், முழங்காலுக்கும் சொன்னேன். கடைசியில் அவர் தலையை நிமிர்த்தினார். அது மிக அரிது. "ஒருக்கால் போட்டு வா, பவளம். ஒரு ஆள் எண்டாலும் வந்து முறைப்பாடு சொன்னா, ஹிம்மர்லாந்தும் இல்லை, குடையும் இல்லை. நீ திரும்ப மேசைக்கு வா." அவர் சொன்னால் சொன்னதுதான். நான் சரி என்றேன்.

அந்தப் பயணத்தில் கனகசபை மாஸ்டர் என்றொருவர் இருந்தார். ரெக்ஸ்டேலில் மகளோடு இருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வெள்ளைச் சேட்டு, மடிப்புக் கலையாத காற்சட்டை, எல்லாவற்றுக்கும் ஒரு குறை. பாரிஸில் படி கூட, ஆம்ஸ்டர்டாமில் சைக்கிள் கூட, ஜெர்மனியில் சோற்றுக்குள் உப்புக் குறைவு. பயண நிறுவனத்துக்கு முறைப்பாடு எழுதவே பிறந்த மனிதர் என்று நினைத்தேன். அவரைத் தாண்டிவிட்டால் போதும் என்று கும்பிட்டுக்கொண்டுதான் ஹிம்மர்லாந்துக்குள் நுழைந்தேன்.

காலையில் கோட்டை. யென்ஸ் என்ற எங்கள் டேனிஷ் சாரதி பஸ்ஸைத் தரிப்பிடத்துக்குள் திருப்பினார். நான் எட்டிப் பார்த்தேன். தரிப்பிடம் நிறையக் கார்கள். ஒவ்வொரு காருக்குப் பக்கத்திலும் எங்கட முகங்கள். சாரி, சுரிதார், சட்டி, பானை, தேத்தண்ணிப் போத்தல்!

நடந்தது இதுதான். டென்மார்க்கில் யாழ்ப்பாணத்துச் சனம் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஹோப்ரோவில் நிற்கப் போகிறோம் என்று என் பயணிகள் ஒவ்வொருவரும் ஆளுக்குத் தெரியாமல் ஆள் தங்கள் சொந்தக்காரருக்கு வட்ஸ்அப்பில் அறிவித்துவிட்டார்கள். அக்கா தம்பி, மச்சாள் மருமகன் என்று அத்தனை பேரும் வந்து இறங்கிவிட்டார்கள். பஸ் கதவு திறந்ததுதான் தாமதம், ஒரே அழுகையும் கட்டிப்பிடிப்பும். நானும் கண் கலங்கி நின்றேன். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் என் பயணிகளைக் கார்களுக்குள் ஏற்றுகிறார்கள்.

"எங்க கொண்டு போறியள்?" என்று ஓடினேன்.

"ஒண்டுமில்லை அக்கா, ஒருக்கா வீட்ட வந்து தேத்தண்ணி குடிச்சிட்டு வரட்டும். ஹேர்னிங்தான். இப்ப கொண்டந்து விட்டிடுவம்."

ஹேர்னிங் போகவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். எங்கள் சனத்தின் தேத்தண்ணி எப்போது தேத்தண்ணியோடு முடிந்திருக்கிறது? முதலில் வடை, பிறகு கல்யாண அல்பம், பிறகு "சாப்பிடாமல் போறதோ?" நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸில் ஒரேயொருவர் மட்டும் யன்னலோரம் இருந்தார். கனகசபை மாஸ்டர். டென்மார்க்கில் அவருக்கு ஒருவரும் இல்லை.

நான் ஏறிப் போனேன். அவர் வெளியே பார்த்தபடியே சொன்னார்: "பிள்ளை, நானும் மற்ற ஆக்கள் குடுத்த காசுதான் குடுத்தனான். சொந்தக்காரர் இருக்கிற ஆக்களுக்கு ஒரு பயணம், இல்லாத ஆக்களுக்கு வேற பயணமோ? இதைச் சிவசோதியிட்ட நான் சொல்லத்தான் வேணும்."

உப்பையும் படியையும் பற்றி அவர் சொன்னதெல்லாம் என்னைத் தொடவில்லை. இது சுட்டது. ஏனென்றால் அவர் சொன்னது முழுக்க நியாயம். மேசை, தொலைபேசி, "மலிவா ஒண்டும் இல்லையோ" எல்லாம் என் கண்முன் வந்தது. அதைவிட, அந்த யன்னலோரத்தில் ஒரு வயதான மனிதரைத் தனியே இருத்திவிட்டு நான் என்ன வழிகாட்டி?

இறங்கி ஓடினேன். தரிப்பிடத்துக்கு ஒரே ஒரு வெளிவாசல். அதன் நடுவில் நின்று குடையை விரித்துக் குறுக்கே பிடித்தேன். முதல் கார் என் முழங்காலுக்கு முன்னால் வந்து நின்றது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு அது உதவியது.

"ஒருத்தரும் வீட்ட போகேலாது! எல்லாரும் இறங்குங்கோ! நான் ஒண்டு கேக்கிறன், நீங்கள் இந்த நாட்டில எத்தினை காலம்? உந்தக் கோட்டைக்குள்ள ஆராவது ஒருக்கால் போயிருக்கிறியளோ?"

 முதல் காரை ஓட்டியவர் நகுலன். என் பயணி ஒருவரின் தம்பி, பார ஊர்தி ஓட்டுபவர். கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இல்லை அக்கா. ரோட்டில நிக்கிற உந்தக் கோட்டைப் பலகையைத் தாண்டித்தான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போறனான். வேலை, வீடு, கோயில். வேற எங்க போனனாங்கள்?"

"அப்ப இண்டைக்குப் போவம். நீங்களும் வாங்கோ. சட்டி பானையும் வரட்டும். மத்தியானம் காட்டுக்குள்ள இருந்து சாப்பிடுவம். வீடு மட்டும் வேண்டாம்."

 நகுலன் சிரித்துக்கொண்டு காரை நிறுத்தினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொரு காராக நின்றது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கோட்டைக்குள் போனோம். கோட்டை என்றால் கல்மதில் இல்லை. புல் மூடிய ஒரு பெரிய மண்வளையம், நாலு திசைக்கும் நாலு வாசல். உள்ளே நெடிய வீடுகள் நின்ற இடங்களைத் தரையில் குறித்திருக்கிறார்கள். செம்மறியாடுகள் மேய்கின்றன. நான் விளக்கத் தொடங்க, நகுலனின் மகள் மதுரா முந்திக்கொண்டாள். அவள் டென்மார்க்கிலேயே பிறந்து தாதியாக வேலை பார்ப்பவள். "இது நடுவில ஒரு முளை அடிச்சு, கயிறு கட்டிச் சுத்தி வரைஞ்ச மாதிரி, சரியான வட்டம்! நாங்கள் பள்ளிக்கூடத்தால வந்தனாங்கள்." தாய் ஆச்சரியத்தோடு பார்த்தாள். "ஓம் அம்மா, அஞ்சாம் வகுப்பில. நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினனீங்கள். புட்டுக் கட்டித் தந்தனீங்கள். அந்த வாசலுக்குப் பின்னால ஒளிச்சிருந்து சாப்பிட்டனான், மற்றப் பிள்ளையள் பாக்காமல்."

தாய் அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மதுராவின் கையைப் பிடித்து, "எனக்கும் காட்டு, எதில இருந்தனி?" என்று கேட்டாள். இருவரும் மண்மேட்டைச் சுற்றி நடந்தார்கள். மற்றப் பிள்ளைகளும் தாய் தகப்பனை இழுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினார்கள். எல்லாருமே பள்ளிக்கூடத்தோடு வந்தவர்கள்! பெற்றவர்கள்தான் வராதவர்கள். எனக்கு வாய் திறக்க வேலையே இருக்கவில்லை. குடையை மடக்கி வைத்துவிட்டுத் துள்ளாத குறையாக நின்றேன்.

கனகசபை மாஸ்டர் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தார். வட்டம் என்ற சொல் கேட்டிருக்க வேண்டும். வளையத்தின் மேல் ஏறி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முழுச் சுற்றும் தனியே நடந்து வந்தார். "வட்டம் பிழையில்லை" என்றார். அவர் வாயால் வந்த முதல் நல்ல சொல் அது.

அடுத்தது கல்லறை. பஸ் முன்னே, கார்கள் பின்னே, கல்யாண ஊர்வலம் போல வயல்களுக்கு நடுவே போனோம். ஒரு விவசாயி உழவு இயந்திரத்தை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். யென்ஸ் கையசைத்தார், அவரும் அசைத்தார். மேட்டின் வாசலில் நின்று நான் பெருமையோடு சொன்னேன்: "கல்லாயுத காலத்து ஆக்களைப் புதைச்ச இடம். தவண்டு உள்ளுக்க போகலாம். முடிய, மத்தியானச் சாப்பாடு."

ஒருவரும் அசையவில்லை. மாஸ்டர்தான் எல்லாருக்காகவும் பேசினார். "பிள்ளை, இது சுடலை. சுடலைக்குள்ள போட்டுத் தோயாமல் சாப்பிடுறதோ?"

எல்லாத் தலைகளும் ஆமென்று ஆடின. மழைக்கு என்னிடம் பதில் இருந்தது. முழங்காலுக்கு இருந்தது. இதைப் பற்றி நானும் யோசிக்கவில்லை, விரலும் கேட்கவில்லை! யாழ்ப்பாணத்துச் சனத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் பிரேதக் குழிக்குள் இறக்கத் திட்டம் போட்ட ஒரே வழிகாட்டி நானாகத்தான் இருப்பேன். யென்ஸிடம் ஓடி, "பக்கத்தில் குளிக்கத் தண்ணீர் உண்டா?" என்று கேட்டேன். அவர் பிறந்ததே ஹிம்மர்லாந்தில். ஒரு நிமிடம் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, "ரோல்ட் காட்டில் ஊற்றுக்குக் கீழே ஓடை பாதையோரம் வருகிற இடம் இருக்கிறது, அங்கே இறங்கலாம். ஆனால் கோடையிலும் பனிக்கட்டி மாதிரி இருக்கும்" என்றார்.

"தோய்ஞ்சிட்டே சாப்பிடுவம்!" என்று கத்தினேன். "ஊற்றுத் தண்ணி!"

அது போதும். சாரியை இடுப்பில் செருகிக்கொண்டு பெண்கள்தான் முதலில் தவழ்ந்தார்கள். "ஐயோ முழங்கால்", "தலையைக் குனியடி", "ஆர் என்ர காலைப் பிடிக்கிறது?" என்று கல்லுக்குள் ஒரே கும்மாளம். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். கைபேசி வெளிச்சத்தில் பெரிய பெரிய பாறைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன. ஒரு சின்னப் பிள்ளை கேட்டது, இதற்குள் எந்த ராசாவை வைத்தார்கள் என்று. ராசா இல்லை, ஊர்ச் சனத்தைத்தான் தலைமுறை தலைமுறையாக இதற்குள் ஒன்றாக வைத்தார்கள் என்றேன். இருட்டுக்குள்ளிருந்து மாஸ்டரின் குரல் கேட்டது. அவர் எப்போது தவழ்ந்து வந்தாரோ தெரியாது. "அப்ப இவையும் சொந்தக்காரரை விட்டிட்டு ஒரு இடமும் போகேல்லை." எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

காட்டில் ஓடைக்கரையில் எல்லாரும் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார்கள். விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மாடி!" என்று, தலையில் மூன்று துளி தெளித்துக் காரியத்தை முடித்தார்கள். மாஸ்டர் மட்டும் முறையை விடவில்லை. சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் தந்தார். வெள்ளைச் சேட்டோடும் காற்சட்டையோடும் ஓடைக்குள் இறங்கி, நடுவில் போய் இருந்து, தலையைத் தாழ்த்தி முழுகினார்.

எழும்பியபோது அவர் போட்ட சத்தம் காடு முழுக்கக் கேட்டிருக்கும். பயந்து போனேன். நகுலன் தண்ணீருக்குள் பாய்ந்தார். கிட்டப் போனால், மாஸ்டர் சிரிக்கிறார்! பல்லுக் கிட்ட, உடம்பு நடுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். "பழசாய் இருந்ததெல்லாம் போட்டுது பிள்ளை, பழசாய் இருந்ததெல்லாம் போட்டுது!" கூட்டம் கைதட்டியது. யென்ஸும் தட்டினார். நகுலன் காரிலிருந்து தன்னுடைய நீலக்கட்டம் போட்ட சறத்தைக் கொண்டுவந்து உடுத்திவிட்டார், மதுரா தன்னுடைய குளிர்ச்சட்டையைப் போர்த்திவிட்டாள். புல்லில் இருந்து, நகுலன் குடும்பத்துக்கு நடுவில், அந்த மனிதர் மூன்றுதரம் புட்டு வாங்கிச் சாப்பிட்டார். உப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பின்னேரம் ரெபில்ட் குன்றின் ஊதாப் பூவுக்குள் படமெடுத்து முடித்து, பஸ்ஸில் ஏற்றி, ஆட்களை எண்ணினேன். ஒருவர் குறைந்தார். திரும்ப எண்ணினேன். யன்னலோர இருக்கை வெறுமையாக இருந்தது. என் கைபேசி அடித்தது. நகுலன்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. மாஸ்டரை வீட்ட கூட்டிக்கொண்டு வந்திட்டம். காற்சட்டை இன்னும் காயேல்லை, எப்பிடி விடுறது? ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வரட்டும்."

காலையில் குடையை விரித்துக் குறுக்கே நின்றவள் நான். என்ன செய்வது? பஸ்ஸை ஹேர்னிங்குக்குத் திருப்பச் சொன்னேன். நகுலனின் வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்தி, எல்லாரும் இறங்கி, எல்லாரும் தேத்தண்ணி குடித்து, வடை சாப்பிட்டு, கல்யாண அல்பமும் பார்த்தோம். சறத்தோடு நடுச் சாய்மனையில் இருந்த மாஸ்டர் அல்பத்தின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு, "இது ஆர்? இது ஆர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தன்னுடைய ஆட்களைத் தேடுபவர் மாதிரி.

ரொறன்ரோ திரும்பிய கிழமை சிவசோதி அண்ணை என்னை உள்ளே கூப்பிட்டார். மேசையில் வரைபடம் விரிந்து கிடந்தது. விரல் ஹோப்ரோவில் நின்றது. 

"கனகசபை மாஸ்டர் இண்டைக்குக் காலமை வந்தவர்" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

"என்னவாம் அண்ணை?"

"ஆரோ நகுலன்ர சறமாம். கழுவி மடிச்சுக் கொண்டந்தவர். நாங்கள் தபாலில அனுப்பிவிடுறம் எண்டு சொன்னன். வேண்டாமாம். தன்ர கையால குடுக்க வேணுமாம். அடுத்த பயணம் எப்ப எண்டு கேட்டவர்."

  விரல் அப்படியே நின்றது.

"மழை பெய்தால்?"

"மரவீடு இருக்கு அண்ணை, கோட்டைக்குப் பக்கத்தில."

"முழங்கால் நொந்தால்?"

"பஸ் வயல்கரை வரைக்கும் போகும்."

அத்தோடு முடிந்ததென்று நினைத்தேன். அவர் மூச்சை இழுத்து விட்டார்.

"சொந்தக்காரர் வந்தால்?"

"பெரிய பஸ் எடுப்பம், அண்ணை. அவையையும் கூட்டிக்கொண்டு போவம்."

விரல் நகர்ந்தது.